மருந்திடும் கை எழுதட்டும்

வில்லியனூரிலும் பாகூரிலும் செவிலியராக விரும்பும் மாணவியர் உள்ளனர். காயத்திற்கு மருந்திடுவதோடு அவர்கள் கடமை நிறைவுறுமா? நிறைவுறாது என்பதே என் கருத்து.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர் ராஜினி திராணகம இதற்குச் சான்றாவார். போரில் நலிந்த பெண்களுக்குப் ‘பூரணி’ இல்லம் அமையத் துணைநின்றார். மூவருடன் இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் அப்பெண்களின் துயரைப் பதிவுசெய்தார். ஆயுதம் ஏந்திய எத்தரப்பின் கொடுமையையும் மறைத்தாரில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 35.

வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணின் தழும்பை இங்கும் முதலில் காண்பவர் செவிலியரே. ‘தவறி விழுந்தேன்’ என்று அவள் சொல்வதை அப்படியே ஏட்டில் எழுதிவிட்டால், அடித்தவன் தப்புவான். அவள் மீண்டும் அடிபடுவாள். உண்மையைக் கேட்டறிந்து எழுதுவதும் மருத்துவமே.