'எப்பவாச்சும்தானுங்க டாக்டர்!' - குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைத்தால் என்ன ஆகும்?

"குடிப்பழக்கம் உண்டா?"

கோவையில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் படிவத்தில் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் கேட்பார். பக்கத்தில் அம்மாவோ மனைவியோ நின்றுகொண்டிருப்பார். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்பவாச்சும்தானுங்க."

அந்த 'எப்பவாச்சும்' வருஷத்துக்கு ஒரு கல்யாண பார்ட்டியாக இருக்கலாம். வாரத்தில் நான்கு நாள் குவார்ட்டராகவும் இருக்கலாம். எது என்று டாக்டருக்குத் தெரியாது. ஆனால், அதை நம்பித்தான் மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துபவர்கள். பெண்களில் 0.3 சதவீதம். வீட்டு வாசலில் வந்து கேட்டவர்களிடம் மக்கள் சொன்ன கணக்கு இது. சொல்லாமல் விட்டவர்கள் இதில் இல்லை. பெண்ணாக இருந்தால் சொல்வது இன்னும் கடினம் என்பதும் தெரிந்ததே.

எது குடி, எது குடி இல்லை?

எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. "பீர்தானுங்க, அது சரக்குல சேராது" என்று உண்மையாகவே நம்புபவர்கள் உண்டு. கொங்குப் பகுதியில் கள்ளுக்கும் இதே கதைதான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. தடையை நீக்கச் சொல்லி இங்குள்ள விவசாயிகள் தொடர்ந்து குரல் கொடுக்கிறார்கள். அந்தக் கோரிக்கை தனி விவாதம். ஆனால் கள்ளிலும் ஆல்கஹால் இருக்கிறது, அதையும் கல்லீரல்தான் கையாள வேண்டும்.

கணக்கு எளிது. இந்தியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 30 மி.லி. பிராந்தி அல்லது விஸ்கி ஏறக்குறைய ஓர் அளவு. 180 மி.லி. குவார்ட்டர் என்றால் 6 அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 4 அளவு. வெள்ளிக்கிழமை இரவு 2 ஸ்ட்ராங் பீர் குடிப்பவர், ஒரு குவார்ட்டர் அடித்தவரைவிட அதிகம் குடித்திருக்கிறார்!

மறைத்தால் என்ன ஆகும்?

முதலில், மருந்து. சர்க்கரைக்கு இன்சுலினோ, அதைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தள்ளாட்டம், குழறல், மயக்கம் வரும். பார்ப்பவர்கள் "போதையில கிடக்கறான், தெளியட்டும்" என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அவருக்கு உடனடியாகத் தேவை குளுக்கோஸ். அதேபோல, தொடர்ந்து குடிப்பவருக்கு பாரசிட்டமால் அளவிலும் கவனம் தேவை. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் போன்றவை கல்லீரலைப் பாதிக்கும் வாய்ப்பு அவருக்கு அதிகம். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

அடுத்தது, ஆபரேஷன். தினமும் அதிகம் குடிப்பவர் எலும்பு முறிவுக்காக அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடி திடீரென நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. குடும்பம் பயந்துபோய் தலையில் அடிபட்டதோ, காத்துக்கருப்போ என்று தேடும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தான நிலை இது. முதல் நாளே சொல்லியிருந்தால், தடுக்கும் மருந்தும் தயமின் ஊசியும் முன்கூட்டியே போட்டிருப்பார்கள்.

இதே காரணத்தால்தான், தினமும் அதிகம் குடிப்பவர் "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவதும் சரியல்ல. டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதே பாதுகாப்பு.

மூன்றாவது, விஷச் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பாதிக்கப்பட்ட பலர் சேலம் அரசு மருத்துவமனை வரை கொண்டுசெல்லப்பட்டார்கள். மெத்தனாலை உடல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் பார்வையும் உயிரும் போகின்றன. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. ஆனால் ஆரம்ப அறிகுறி வெறும் வயிற்றுவலி, வாந்திதான். "சாப்பாடு சேரல" என்று சொன்னால், டாக்டர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். போகும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பி வராது.

டாக்டர் வெளியே சொல்லிவிடுவாரா?

பயம் நியாயமானதுதான். சொந்தக்காரர் வீட்டு டாக்டர், ஊரே போகும் கிளினிக், நாளைக்குப் பெண் பார்க்கப் போகும் இடம் என்று எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஊர்கள் இவை.

2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கின்றன. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குக் கடும் ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மது தொடர்பான மனநலச் சிகிச்சைக்கு 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ரகசிய உரிமை தருகிறது. ஆனால் அலுவலகம் ஏற்பாடு செய்யும் செக்கப்பில், ரிப்போர்ட் யார் கைக்குப் போகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் போய்விடுமா?

இளம் ஊழியர்களின் பெரிய கவலை இதுதான். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பாலிசி எடுக்கும் படிவம். ஹரியானாவைச் சேர்ந்த ஒருவர் 2013-ல் எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆரோக்யா பாலிசி எடுத்தபோது, குடிப்பழக்கத்தைச் சொல்லவில்லை. ஓராண்டுக்குள் வயிற்றுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்தவர் இறந்துபோனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்மையை மறைத்ததால் எல்.ஐ.சி. பணம் தர மறுத்தது சரியே என்று 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. குடும்பத்துக்கு வினையானது, படிவத்தில் மறைத்ததுதான்.

இரண்டு, சிகிச்சை. மது அடிமைத்தனத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சைச் செலவை விலக்கி வைக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதியே இடம் தருகிறது. ஆகவே டாக்டரிடம் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறினால், கிளெய்மில் சிக்கல் வரவே வராது என்று உறுதி கூற முடியாது. ஆனால் மறைத்தாலும் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் பல நேரம் காட்டிக் கொடுத்துவிடும். மறைத்ததால் தவறான சிகிச்சை நடந்தால், அதன் விலை கிளெய்ம் தொகையைவிடப் பெரியது.

இங்கே அரசுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 2017 சட்டம் மதுப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. மனநோய்க்கும் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. இன்னொரு பக்கம் காப்பீட்டு விதி அதையே விலக்கி வைக்கிறது. 2003 முதல் டாஸ்மாக் வழியாகத் தானே சில்லறையில் மது விற்கும் ஒரு மாநிலத்தில், உண்மை சொன்ன நோயாளி மட்டும் நஷ்டப்படுவது என்ன நியாயம்? இந்த முரண் தீராத வரை, "எப்பவாச்சும்தானுங்க" என்ற பதிலும் தீராது.

எப்படிச் சொல்வது?

குடும்பம் பக்கத்தில் இருந்தால், "டாக்டர், 2 நிமிஷம் தனியா பேசணும்" என்று கேட்கலாம். அது நோயாளியின் உரிமை. 'கொஞ்சம்', 'அளவா' போன்ற சொற்களை விட்டுவிட்டு எண்ணாகச் சொல்வது நல்லது: என்ன சரக்கு, எத்தனை மி.லி., வாரத்தில் எத்தனை நாள், கடைசியாகக் குடித்தது எப்போது. கடைசிக் கேள்விக்கான பதில்தான் ஆபரேஷனுக்கு மிக முக்கியம். காலையில் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தன் பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது. 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால், டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். நேரில் போகத் தயக்கம் என்றால், டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு.

டாக்டர்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "ஏம்ப்பா இந்த வயசுலயே இப்படி?" என்று எல்லோர் முன்பும் திட்டு வாங்கியவர், அடுத்த முறை நிச்சயம் மறைப்பார். பி.பி. எவ்வளவு என்று பார்க்கிற அதே குரலில் "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டால், பதிலும் நேராக வரும். அந்தக் கேள்விக்கு சரியான எண்ணைச் சொல்வது, குடியை விடுவதைவிட எவ்வளவோ சுலபம். சிகிச்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.