கையில் வந்த வினாத்தாள்

தலைநகரின் கோல் மார்க்கெட் வட்டத்தைக் கடந்து மந்திர் மார்க் நோக்கி நடப்போர் பள்ளிச் சீருடைகளைக் காணாமல் செல்ல இயலாது. 1921-இல் எழுந்த அந்த வட்டக் கட்டடத்தின் சுற்றுப்புறத்தில் பள்ளிகள் பல உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் மந்திர் மார்கில்தான் இயங்குகிறது. பொதுத்தேர்வுக் காலத்தில் இம்மாணவர்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே, பலரும் அறியாத ஓர் உறவு ஏற்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் முத்திரையிட்ட வினாத்தாள் கட்டுகள் வங்கிகளின் பாதுகாப்பில் வைக்கப்படுவது வழக்கம். ரொக்கத்தையும் நகையையும் காக்கும் இடத்திலேயே மாணவரின் ஓராண்டு உழைப்பும் காக்கப்படுகிறது.

அந்தக் காவல் 2018-இல் தவறியது. மார்ச் 26 அன்று நடந்த பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தேர்வின் வினாத்தாளும், மார்ச் 28 அன்று நடந்த பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வின் வினாத்தாளும் கையால் படியெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் வழியே பரவின. பொருளியல் தேர்வை ஏப்ரல் 25 அன்று மீண்டும் நடத்த நேர்ந்தது. கணிதத்திற்கும் மறுதேர்வு உண்டு என்று அறிவித்துப் பின்னர் அது வேண்டாமென முடிவாகும்வரை, இலட்சக்கணக்கான மாணவர்கள் தவித்தனர். இமாசலப் பிரதேசத்தின் ஊனாவில் ஆசிரியர் ஒருவர், கணினி அறிவியல் வினாத்தாளைப் பெற வங்கிக்குச் சென்றபோது பொருளியல் வினாத்தாள் கட்டு ஒன்றையும் சேர்த்து எடுத்து வந்தார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. வங்கி ஊழியராகிய நமக்கு அச்செய்தி இன்றும் உறுத்துகிறது. பூட்டு உடைபடவில்லை, நம்பிக்கைக்குரியவர் என்று கருதப்பட்டவரின் கையே நீண்டது.

அதே நாள்களில் நடந்த இன்னொரு செயலை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவில், தில்லியில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு அவ்வினாத்தாளின் படங்கள் வந்தன. அவர் தம் தந்தையின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து அப்படங்களை வாரியத் தலைவருக்கு அனுப்பித் தேர்வை நிறுத்துமாறு வேண்டினார் என்று அக்காலத்துச் செய்தித்தாள்கள் தெரிவித்தன. அம்மாணவர்முன் மூன்று வழிகள் இருந்தன. வினாக்களுக்கு விடை தேடிப் படித்து மதிப்பெண் பெறலாம். படங்களை அழித்துவிட்டு, தமக்கு எதுவும் தெரியாதெனப் பேசாதிருக்கலாம். அல்லது உரியவரிடம் சொல்லலாம். முதல் வழி தவறென்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டாம் வழியில்தான் நம்மில் பெரும்பாலோர் நிற்போம். அவர் மூன்றாம் வழியைத் தேர்ந்தார்.

அதன்பின் நடந்ததும் எண்ணத்தக்கது. தேர்வு நிற்கவில்லை. மின்னஞ்சலை அனுப்பியவர் யாரென அறியக் காவல்துறை கூகுள் நிறுவனத்திடம் விவரம் கேட்டது. மாணவரும் விசாரணைக்கு ஆளானார். விசாரணைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் உண்மையைச் சொல்லப் போய்க் காவல்துறையின் கேள்விகளுக்கு விடையளிக்க நேர்ந்ததைக் காணும் ஏனைய பிள்ளைகள் என்ன பாடம் கற்பர்? 'உனக்கெதற்கு வம்பு?' என்று வீட்டில் நாம் சொல்லும் சொல்லையே அது உறுதிப்படுத்தும்.

வாய்மை அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. ஒப்பித்தல் மட்டும் போதாது என்பதற்கு நம் கவுண்டரே சாட்சி. 'அப்பா ஊரில் இல்லை, நீயே அவர் கையெழுத்தைப் போட்டுவிடு' என்று ஒரு தாய் மகனிடம் காசோலையை நீட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு நாம் அதைத் திருப்பித் தரும்போது, 'சொந்த வீட்டுப் பணம்தானே' என்று அவர் வருந்துகிறார். பணம் சொந்தமானதாக இருக்கலாம், கையெழுத்து சொந்தமானதன்று. அருகில் நிற்கும் பிள்ளை அன்று கற்பது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம்.

அப்பாடத்தின் விலை இப்போது கூடியிருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, அவர்களுடைய வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் 'வாடகைக்கு' வாங்கும் மோசடிக் கும்பல்கள் பெருகியுள்ளன. எங்கோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் அக்கணக்கின் வழியே கைமாறுகிறது. இத்தகைய கணக்குகளைக் கண்டறிய 'மியூல்ஹண்டர்' என்னும் தொழில்நுட்பத்தை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியுள்ளது. 2024-ஆம் ஆண்டின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டமோ, வங்கிப் பணியாளர் தேர்வுகள் உள்ளிட்டவற்றில் திட்டமிட்டு முறைகேடு செய்வோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. இவை தேவையானவையே. எனினும் தொழில்நுட்பமும் தண்டனையும் தவறு நடந்த பின்னரே பெரும்பாலும் வந்து சேர்கின்றன.

வங்கிப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள். இரண்டு அலுவலர்கள் சேர்ந்தாலன்றி அது திறவாது. இது ஐயத்தால் எழுந்த ஏற்பாடு என்று சிலர் எண்ணுவர். நேர்மையானவரை வீண்பழியிலிருந்தும் வீண் ஆசையிலிருந்தும் காப்பதும் அதுவே என்பது நம் அனுபவம். நாளின் முடிவில் ரொக்கம் கூடினாலும் குறைந்தாலும் அன்றே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்ற நம் விதியும் அத்தகையதே. சிறு பிழையை உடனே சொல்லப் பழகியவர், பெரும்பிழையை மறைக்கும் நிலைக்குச் செல்வதில்லை.

பள்ளியும் வீடும் இப்பழக்கத்தையே கற்பிக்கலாம். ஆளில்லாமல் நடக்கும் எழுதுபொருள் அங்காடியை வகுப்பில் வைத்து, மாத இறுதியில் கணக்கை எல்லார் முன்னிலையிலும் பார்க்கலாம். பணம் குறைந்தால் திருடனைத் தேடாமல், ஏன் குறைந்தது என்று பேசலாம். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி 2014-இலேயே வழிசெய்துள்ளது. கணக்கைத் தொடங்கித் தந்து, பாஸ்புக்கை அவர்களே சரிபார்க்கச் செய்யலாம். தவறை ஒப்புக்கொண்ட பிள்ளைக்குத் தண்டனையைக் குறைக்கலாம். அடுத்த முறை வங்கிக்கு வரும்போது, பிள்ளையின் கண்முன் அவரவர் கையெழுத்தை அவரவரே இடலாம்.

இன்னொரு தேர்வுக்கு முந்தைய இரவில் இன்னொரு பிள்ளையின் கைப்பேசிக்கு அப்படிப்பட்ட படங்கள் வரக்கூடும். அப்போது அப்பிள்ளை அச்சமின்றி எழுப்பிச் சொல்லத்தக்க தந்தையாகவும் தாயாகவும் நாம் இருக்கிறோமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.