காருக்குப் பின்னால் ஒரு பேட்டரி வண்டி!

குட்டீஸ், பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் டிராக்டர் சின்னது; பின்னால் வரும் டிரெய்லரிலோ மலைபோல் கரும்பு! லோடு இறக்கியதும் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, டிராக்டர் மட்டும் உழவுக்குக் கிளம்பிவிடும். வேண்டும்போது மாட்டு, வேண்டாதபோது கழற்று!

மின்சாரக் காருக்கும் இப்படிச் செய்தால் என்ன? தூரமாகப் போகும்போது மட்டும், பேட்டரி நிரப்பிய ஒரு டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொள்வது! உலகில் சிலர் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

எதற்கு இந்த வேலை? 2001-ல் பெங்களூருவில் 'ரேவா' என்ற குட்டி மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கி.மீ. ஓடும். பெங்களூருவிலிருந்து தர்மபுரி சுமார் 130 கி.மீ. ஆக, கிருஷ்ணகிரி வருவதற்குள்ளேயே கார் 'மூச்' விட்டுவிடும்! 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 312 கி.மீ. என்று கணக்குச் சொன்னார்கள். ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் அதுவும் நன்றாகவே குறையும்.

'பெரிய பேட்டரியாக வைத்துவிடலாமே' என்கிறீர்களா? காரிலேயே விலை அதிகமான பொருள் பேட்டரிதான். எடையும் அதிகம். தினமும் ஆபீசுக்கு 20 கி.மீ. போய்வருகிறவர், வருடத்தில் நான்கு நாள் ஊருக்குப் போவதற்காக அதை 365 நாளும் சுமக்க வேண்டுமா? டிரெய்லர் யோசனை பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

1990-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆலன் கோக்கோனி என்ற பொறியாளர் இப்படி ஒரு டிரெய்லர் செய்தார். அதற்குள் பேட்டரி இல்லை. பெட்ரோலில் ஓடும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் ஜெனரேட்டரும் இருந்தன. நம் ஊர் கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்கும் ஜெனரேட்டர் மாதிரி! கார் ஓட ஓட, அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே வரும். பிரான்சில் 'இபி டெண்டர்' என்ற நிறுவனம், டிரெய்லரை வழியில் வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

இன்னொன்று ரொம்ப சுவாரஸ்யம். 2021-ல் ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் நிறுவனம், வீடு போன்ற ஒரு டிரெய்லரில் 80 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரியையும், சக்கரத்துக்குத் தனி மோட்டாரையும் வைத்தது. மின்சாரக் கார் அதை இழுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, இத்தாலியின் கார்டா ஏரி வரை 386 கி.மீ. போனது. வழியில் எங்கும் சார்ஜ் செய்யவில்லை! டிரெய்லர் தானாகவே உருண்டதால் காருக்குச் சுமை தெரியவில்லை.

சரி, இது நம் சேலம் - தர்மபுரி - பெங்களூரு சாலைக்கு ஒத்துவருமா? ஒரு கணக்குப் போடுவோம். சேலத்தைவிட பெங்களூரு 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் ஏற்ற மட்டும் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் வேண்டும். 300 கிலோ டிரெய்லரைச் சேர்த்தால்? கூடுதலாக அரை யூனிட்தான்! எடையைவிட, டிரெய்லர் மேல் மோதும் காற்றுதான் அதிக மின்சாரத்தைத் தின்னும்.

அப்படியானால் வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இந்தச் சாலையில் இப்போது சார்ஜ் நிலையங்கள் வந்துவிட்டன. டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடும். சாதாரண நாளில் டிரெய்லரை யாரும் தேட மாட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூருவே காலியாகி ஊர் திரும்புமே, அப்போது சார்ஜ் நிலையத்தில் கூட்டம் நிற்கும். டிரெய்லர் இருந்தால் கியூவில் நிற்காமல் போய்விடலாம். ஆனால், அதே நாளில்தான் எல்லோரும் வாடகை டிரெய்லர் கேட்பார்கள்! மீதி நாளெல்லாம் அவை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் பேட்டரிக்கு யார் பணம் போடுவார்கள்? இந்த யோசனை எங்குமே பெரிதாகப் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரிவர்ஸ் எடுப்பதும் லேசில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பக்கம் வலது பக்கம் போகும். பொம்மை லாரியில் செய்து பாருங்கள், சிரிப்பு வரும்!

நம் மாவட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி இறங்கும்போது லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதும் செய்தியை அடிக்கடி படிக்கிறீர்கள். இறக்கத்தில் மின்சாரக் காரின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பேட்டரியையும் நிரப்பும். நல்ல வசதிதான். ஆனால் பின்னால் 300 கிலோ வண்டி தள்ளிக்கொண்டு வந்தால்? பிரேக் போடும்போது கார் மெதுவாகும், டிரெய்லர் மெதுவாகாது. வளைவில் அது பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் காரையும் சேர்த்து இழுத்துவிடும். டிரெய்லருக்கு என்று தனி பிரேக் கட்டாயம் வேண்டும். அது இல்லாத வண்டியை மாட்டிக்கொண்டு தொப்பூர் இறங்கலாம் என்று யாராவது கூப்பிட்டால், நான் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்!