தம்பதிகளும் பிரிட்டிஷ் பிரஜாவுரிமையும்

பிரிட்டனில் குடியேறி, அங்கே ஸ்திரவாச உரிமையும் பெற்று, இப்பொழுது பிரிட்டிஷ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் செய்ய உத்தேசித்திருக்கும் தம்பதிகள் நமது நேயர்களின் பந்துமித்திரர்களில் அநேகர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இக்காரியத்தை ஒரு தவறான எண்ணத்தோடு தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். புருஷனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். ஆகையால் இருவருக்கும் ஒரே மனு, ஒரே கட்டு தஸ்தாவேஜு, ஒரே தீர்ப்பு என்பது அவ்வெண்ணம். பிரிட்டிஷ் சட்டத்தில் தம்பதிகளின் கூட்டு மனு என்பது கிடையாது. வயது வந்த ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் தனி மனுக் கொடுக்க வேண்டும். தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். தனியே பரிசோதிக்கப்பட வேண்டும். இருவரும் ஒரே தினத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பூர்த்தி செய்து அனுப்பினாலும் அவை இரண்டு மனுக்களே. ஒன்று அங்கீகரிக்கப்பட்டு மற்றொன்று நிராகரிக்கப்படுதல் கூடும்.

இது தம்பதிகளைப் பிரிக்கும் கொடுமை என்று சிலர் குறைகூறுகிறார்கள். நாம் அங்ஙனம் கூற மாட்டோம். 1870-ம் வருஷத்துச் சட்டத்தின்படியும், 1914-ம் வருஷத்துச் சட்டத்தின்படியும், மனைவி என்பவள் புருஷனுடைய பிரஜாவுரிமையின் நிழலாகவே இருந்தாள். அந்நியனை மணந்த ஆங்கிலப் பெண் தன் சொந்த நாட்டிலேயே அந்நியளாகிப் போனாள். 1949 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த சட்டமே இந்த அநீதியை அகற்றியது. அதன் பிறகும் அந்நிய மனைவிக்கு ஒரு வழி, அந்நிய புருஷனுக்கு வேறு வழி என்ற பேதம் நீடித்தது. 1983 ஜனவரி முதல் அமுலில் இருந்துவரும் 1981-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் தேசீயச் சட்டம் அதையும் ஒழித்தது. ஆகவே, மனைவிக்குத் தனி மனு என்பது அவளுக்கு மறுக்கப்பட்டிருந்த ஓர் அந்தஸ்து இப்பொழுது கிடைத்திருப்பதற்கு அடையாளமாகும். சட்டம் மாறிவிட்டது, நம்மவர் வீட்டு வழக்கந்தான் மாறவில்லை. கஷ்டம் முழுவதும் அங்கேயே இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். பிரிட்டிஷ் பிரஜையை மணந்திராதவர் அந்நாட்டில் 5 வருஷம் வசித்திருக்க வேண்டும். அந்த 5 வருஷத்தில் 450 நாட்களுக்கு மேலும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 90 நாட்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஸ்திரவாச உரிமை கிடைத்து ஒரு வருஷம் கழிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையை மணந்தவருக்கோ 3 வருஷ வாசமும், 270 நாள் வரம்பும் போதும்; ஸ்திரவாச உரிமை மனுச் செய்யும் தினத்தில் இருந்தால் சரி, ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுவதில்லை. இந்த இரண்டு வாயில்களின் வித்தியாசத்தை அறியாமல் "சேர்ந்தே போவோம்" என்று புறப்படுகிறவர்கள் சில சமயம் வீணே காலத்தை இழக்கிறார்கள். புருஷன் 2018-ல் போய், மனைவி 2020-ல் போய்ச் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். புருஷன் 2023-ல் ஸ்திரவாச உரிமை பெற்று 2024-ல் மனுச் செய்து பிரஜையாகிவிட்டால், மனைவி 2025-ல் ஸ்திரவாச உரிமை பெற்றவுடனேயே இரண்டாவது வாயிலில் நுழையலாம். அவளுக்காகப் புருஷன் காத்திருந்தால் இருவருக்குமே 2026 ஆகிவிடும். மனைவி முன்னே போய்ப் புருஷன் பின்னே போயிருந்தாலும் கணக்கு இதுவே. சேர்ந்து விண்ணப்பிப்பதில் மனத்திருப்தி இருக்கலாம். சட்டத்தில் அதற்கு ஒரு சலுகையும் இல்லை. முன்னொரு காலத்தில் தம்பதிகள் ஒன்றாக மனுச் செய்தால் கட்டணத்தில் குறைப்பு இருந்தது. அதுவும் எடுபட்டுப் போயிற்று.

நிற்க. தஸ்தாவேஜுகளுக்கு வருவோம். நம்மவர் வீட்டில் வாடகைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? புருஷன் பெயரில். மின்சார பில், தண்ணீர் பில், நகரசபை வரிச் சீட்டு? அவையும் அப்படியே. பாங்கிக் கணக்கு இருவர் பெயரில் என்று சொல்லிக்கொண்டாலும் கடிதம் வருவது புருஷனுக்கே. அவன் உத்தியோகஸ்தன், ஆகையால் வருஷாந்திர வரிப் பத்திரம், எஜமானரின் கடிதம் முதலியவை அவனுக்கு எளிதில் கிடைக்கும். மனைவி குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். பாஸ்போர்ட்டு ஒன்றே அவளுடைய சாட்சி. அப்பாஸ்போர்ட்டு தொலைந்திருந்தால், அல்லது முத்திரைகள் சரியாக இல்லாதிருந்தால், 5 வருஷம் அந்நாட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அவள் எதைக் கொண்டு ருசுப்படுத்துவாள்? அதிகாரி கேட்பது வேலை கொடுத்தவர், கல்வி ஸ்தாபனம், சர்க்கார் இலாகா முதலிய இடங்களிலிருந்து வரும் கடிதங்கள். வீட்டில் உழைத்தவளுக்கு அடுப்பங்கரை கடிதம் கொடுப்பதில்லை.

ஆகையால், மனுச் செய்யும் வருஷத்தில் தேடத் தொடங்குவது பயனற்றது. அந்நாட்டில் காலடி வைத்த மாதத்திலேயே மனைவியின் பெயரும் வாடகைப் பத்திரத்தில் ஏற வேண்டும். வரிச் சீட்டில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். அவளுக்கென்று ஒரு பாங்கிக் கணக்கு வேண்டும். வைத்தியர் காரியாலயத்திலிருந்து அவளுக்கு வரும் கடிதங்கள் குப்பைக்குப் போகாமல் கட்டில் சேர வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளை ஒருபோதும் எறியலாகாது. இதற்கெல்லாம் பணச் செலவு கிடையாது. வீட்டு எஜமானன் என்ற பட்டத்தைச் சற்றுப் பங்கிட்டுக்கொள்ளும் மனமிருந்தால் போதும்.

நாட்கணக்கு என்பது அடுத்த கண்ணி. இதிலும் இடறுகிறவள் பெரும்பாலும் மனைவியே. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஆறு மாதம் தங்குகிறாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லையென்று மறுபடி நான்கு மாதம் வருகிறாள். தம்பதிகள் இருவருக்கும் இடையே பத்து மாத வித்தியாசம் இப்படி ஏற்பட்டுவிடுகிறது. புறப்பட்ட தினமும் திரும்பிய தினமும் வெளியே இருந்ததாகக் கணக்கில் சேருவதில்லை. இடைப்பட்ட முழு நாட்கள் மட்டுமே சேரும். இதைத் தெரிந்துகொண்டு எண்ணினால் சில சமயம் தப்பலாம். 480 நாள் வரையில் சாதாரணமாக மன்னித்துவிடுவது அதிகாரிகளின் வழக்கம்; அதற்கு மேற்பட்டால் காரணமும் ஆதாரமும் கேட்பார்கள். அப்பொழுது தாயின் வைத்தியச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கடிதம் முதலியவை பயன்படும். இன்னொரு விஷயம்: மனு போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக 5 வருஷத்துக்கு முன், அல்லது பிரஜையை மணந்தவரானால் 3 வருஷத்துக்கு முன், அதே தேதியில் மனுதாரர் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். அன்று ஊரில் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தவர் மனுவின் தேதியைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வதே புத்தி. 2022-ம் வருஷத்துச் சட்டம் இதைத் தளர்த்த மந்திரிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கொடுத்த அதிகாரத்தை அவர் நமக்காக உபயோகிப்பார் என்று நம்பி ஆயிரக்கணக்கான பவுனைக் கட்டுவது விவேகமன்று.

பெயர் விஷயத்தில் தமிழருக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. ஆங்கிலேயனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தே இருக்கிறது. பள்ளிக்கூடப் பத்திரத்தில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, கலியாணப் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டல். கலியாணத்துக்குப் பின் மனைவியின் பெயரோடு புருஷன் பெயர் சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது, சில இடங்களில் ஒட்டுவதில்லை. அவள் மூன்று பேராகத் தோன்றுகிறாள். இவை எல்லாவற்றையும் மனுவுக்கு முன் ஒன்றாக்கிவிட வேண்டும். அல்லது முன்பு வழங்கிய பெயர்களையெல்லாம் மனுவில் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். கலியாணப் பத்திரமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கலியாணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது 2009-ம் வருஷத்துச் சட்டந்தான். அதற்கு முன் நடந்தவற்றில் முகூர்த்தப் பத்திரிகையும் புகைப்படமும் தவிர வேறொன்றும் இல்லாதவை ஏராளம். இரண்டாவது வாயிலில் நுழைவோருக்குக் கலியாணப் பத்திரம் அத்தியாவசியமாகையால், ஊருக்கு வரும்போதே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பரீட்சை விஷயத்தை அதிகம் விவரிக்க வேண்டுவதில்லை. பிரிட்டிஷ் வாழ்க்கையைப் பற்றி 24 கேள்விகள், 45 நிமிஷம், 18 விடைகள் சரியானால் தேர்வு. ஆங்கிலத்தில் பி-1 என்ற தரம். 65 வயதானவருக்கு இரண்டும் இல்லை. சான்று கூறுவோர் இருவர் வேண்டும். ஒருவர் கௌரவமான தொழிலில் உள்ளவராகவும், மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு உடையவராகவும், இருவரும் மனுதாரரை மூன்று வருஷமாக அறிந்தவர்களாகவும், அவருக்கோ ஒருவருக்கொருவரோ உறவில்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். மனுவை நடத்தும் வக்கீல் சான்று கூற முடியாது. இங்கும் புருஷனுக்குக் காரியாலயத்தில் பத்துப் பேர் பழக்கம். மனைவியை அவள் பெயரால் மூன்று வருஷமாக அறிந்தவர் யார் என்று கேட்டால் வீடு மௌனமாகிவிடுகிறது. நன்னடத்தை பற்றிய கேள்விகளுக்கு விடையெழுதுகையில் வரி பாக்கியையோ கோர்ட்டு அபராதத்தையோ மறைக்கலாகாது. சிறு குற்றத்தை அதிகாரி பொறுக்கக் கூடும். மறைத்ததைப் பொறுக்க மாட்டார். பொய்யுரை பத்து வருஷம் வரை துரத்தும். பிரஜாவுரிமை கிடைத்த பின்னும் அதைப் பறிக்கக் காரணமாகக் கூடும்.

இத்தனைக்கும் பிரிட்டிஷ் சர்க்கார் வசூலிக்கும் விலை என்ன? 2025 ஏப்ரலில் நிர்ணயித்தபடி தலைக்கு 1,605 பவுன். பிரமாணச் சடங்குக்கு 130 பவுன். தம்பதிகளுக்கு மொத்தம் 3,470 பவுன். மனு நிராகரிக்கப்பட்டால் சடங்குப் பணம் மட்டும் திரும்பும். அப்பீல் உரிமை கிடையாது. மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது ஹைக்கோர்ட்டுக்குப் போகலாம். இக்கட்டணம் செலவுக்கேற்ற கூலி என்று எவரும் வாதாட முடியாது. குழந்தைகளைப் பிரஜைகளாகப் பதிவு செய்யும் கட்டணம் பற்றி 2019-ல் லண்டன் ஹைக்கோர்ட்டில் நடந்த வழக்கில், சர்க்காருக்கு ஆகும் செலவு 372 பவுன், வசூலிப்பது 1,012 பவுன் என்பது வெளியாயிற்று. பார்லிமெண்டு அனுமதித்த தொகை சட்டபூர்வமானதே என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு முடிவாகக் கூறிவிட்டது. சட்டபூர்வமானது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். நியாயமானது என்று அந்தத் தீர்ப்புக் கூறவில்லை. நாமும் கூற மாட்டோம். ஏழைக் குழந்தைகளுக்கு 2022 முதல் கட்டண விலக்கு உண்டு. வயது வந்தவர்களுக்கு இல்லை. இரண்டு கட்டணத்துக்கு வழியில்லாத குடும்பத்தில் முதலில் யாருடைய மனு போகும் என்று கேட்கவும் வேண்டுமோ?

பணம் அதிகம், தொல்லை அதிகம், ஸ்திரவாச உரிமையே போதாதா என்று கேட்போருக்கும் விடை கூற வேண்டும். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகளாகையால், அந்நாடுகளின் பிரஜைகள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தால் பிரஜையாகாமலே அங்கே வோட்டுப் போடலாம். ஆனால் ஸ்திரவாச உரிமை இரண்டு வருஷம் தொடர்ந்து வெளியே இருந்தால் அழிந்துபோகும் உரிமை. 2018-ல் வெளியான விண்ட்ரஷ் அநியாயத்தை மறப்பதற்கில்லை. 1973-க்கு முன் முறைப்படி வந்து, வாழ்நாளெல்லாம் உழைத்து வரி கட்டிய மேற்கிந்தியத் தீவினர் பலர், காகிதம் காட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தவும்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதற்கு அத்தாட்சியான பழைய சீட்டுகளை 2010-ல் அழித்தது அதே உள்நாட்டு இலாகா. சர்க்கார் தன் காகிதத்தை அழிக்கலாம். குடியேறியவர் தம்முடையதை அழிக்கலாகாது என்பதே அங்கே நிலவிய நீதி. இப்பொழுது கையில் இருந்த அட்டைகளும் 2024 டிசம்பரோடு காலாவதியாகி, உரிமை முழுவதும் கம்ப்யூட்டர் கணக்கில் ஏறியிருக்கிறது. 2025 மே மாதத்து வெள்ளையறிக்கையோ, ஸ்திரவாசத்துக்கே 5 வருஷத்தைப் பத்தாக்க யோசனை கூறியது. தகுதியுள்ளவர் காலதாமதம் செய்வதற்கு இவை இடங்கொடுப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் புருஷன் பிரஜையாகிறான் என்பதற்காக மனைவியும் ஆகியே தீர வேண்டும் என்பதில்லை. இந்திய அரசியல் சட்டமும் 1955-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டமும் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடந்தரவில்லை. அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமையை மனமொப்பி ஏற்றவுடன் இந்தியப் பிரஜாவுரிமை தானே அற்றுப்போகும். ஓ.ஸி.ஐ. சீட்டு போகவர உதவும். வோட்டுத் தராது, விவசாய நிலம் வாங்க விடாது. இலங்கையில் முன்கூட்டி மனுச் செய்து தம் பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. ஊரில் முதிய தாய்தந்தையர் உள்ள ஒருத்தி, தான் இந்தியப் பிரஜையாகவே இருக்க விரும்பினால், அவளுக்கு மனுவில் கையெழுத்திடும் பேனாவைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு மாலைப் பொழுதாவது அதைப் பற்றிப் பேச வேண்டும்.

மனுக்கள் அங்கீகரிக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் சடங்கில் பிரமாணம் செய்ய வேண்டும். இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வருமென்பது நிச்சயமில்லை. இருவரும் ஒரே சடங்கில் நிற்க விரும்பினால் நகரசபைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரமாணம் செய்த அன்றைக்கே பழைய பாஸ்போர்ட்டு பிரயாணத்துக்கு உதவாததாகிவிடுகிறது. இந்தியர் அதை ஒப்படைத்து அதற்கான பத்திரம் பெற்ற பிறகே ஓ.ஸி.ஐ.க்கு மனுச் செய்ய இயலும். புதிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே சடங்கு முடிந்த மறுவாரமே தங்கை கலியாணத்துக்கென்று விமான டிக்கெட்டு வாங்கி வைத்திருக்கும் தம்பதிகள், சடங்குத் தேதியை ஒத்திவைக்கும்படி இப்பொழுதே கடிதம் எழுதுவது நலம்.