திணையும் களமும்: ஹட் பே மாணவரை முன்வைத்து ஒரு மறுப்புரை

இளங்கலை மாணவர் தம் ஊரின் சமூக, சுற்றுச்சூழல் சிக்கல்களை ஆராய்ந்து எழுதுவது தமிழ்த்துறைக்கு உரிய பணியன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கருத்தரங்குகளில் இது சில வேளை வெளிப்படையாகவே கூறப்படுகிறது. கூறப்படாத இடங்களில் பாடத்திட்டமே இதனை உணர்த்திவிடுகிறது. இவ்வெண்ணம் பிழையானது என்பதும், இதனால் மாணவரைவிடக் கூடுதலாக இழப்பது திணைக் கோட்பாட்டைத் தன் தனிச்சொத்தாகக் கருதும் தமிழாய்வே என்பதும் இக்கட்டுரையின் வாதம். லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே ஈண்டுச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம்முள் பலர் நிலப்படத்திலும் தேடியறியாத ஊர் அது. எனினும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வூரைப் பற்றித் தமிழ்த்துறைகள் காட்டும் அயன்மை வியப்பளிக்கும்.

முதலில் பாடத்திட்டத்தை நோக்குவோம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டு, 2003-இல் மீண்டும் வலியுறுத்தியதன் விளைவாக, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சுற்றுச்சூழல் கல்வி 2004 முதல் எல்லா இளங்கலை மாணவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. அதன் எட்டாம் அலகு கள ஆய்வு. தம் பகுதியிலுள்ள ஆறு, காடு, குன்று போன்றவற்றை ஆவணப்படுத்தல், மாசடைந்த ஓரிடத்தை நேரிற்காணல், ஊரில் வழங்கும் செடி, பூச்சி, பறவைகளை அறிதல் ஆகியன அதில் அடங்கும். 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு உரியது. 50 விரிவுரைகளில் ஒதுக்கப்பட்டதோ 5 விரிவுரைக்குரிய நேரம். மதிப்பெண்ணில் காற்பங்கும் காலத்தில் பத்திலொரு பங்கும் பெற்ற இவ்வலகு எவ்வாறு நிறைவேறியது என்பதைக் கல்லூரிப் பணியில் இருந்தோர் அறிவர். பணிச்சுமை குறைந்த ஆசிரியர் எவரோ அவரிடம் பாடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பல கல்லூரிகளில் தமிழாசிரியர். மாணவர் நாளிதழ்ப் படங்களை ஒட்டிய குறிப்பேடுகளைக் கொணர்ந்தனர். முந்தைய ஆண்டுக் குறிப்பேட்டின் படிகளும் அவற்றுள் இருந்தன. மதிப்பெண் இடப்பட்டது, குறிப்பேடுகள் பழைய தாளாயின. 2023-இல் மானியக் குழு இப்பாடத்தை நான்கு மதிப்பலகு உடையதாக மீண்டும் வகுத்தது. அலகு கூடினால் ஒட்டப்படும் படமும் கூடும் என்பதைத் தவிர வேறு மாற்றத்தை நாம் எதிர்பார்க்கத் தக்க காரணம் எதுவும் இல்லை, நம் மனநிலை மாறாதவரை.

இதற்கு இரு விடைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, இளங்கலை மாணவர் எழுதுவது ஆய்வாகாது என்பது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றபின் செய்ததை இவர்கள் கருதிப் பார்த்தல் நலம். அவர் தம் மாணவரைத் தத்தம் ஊரை ஆராய்ந்து எழுதப் பணித்தார். நிலம் எவரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கிருந்து என்பன போன்ற எளிய வினாக்களே அவர்களிடம் இருந்தன. அவ்விடைகள் 1918-இல் ஆங்கில நூலாயின. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அந்நூலால் ஆய்வுலகில் நிலைபெற்றன. 1930-களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றனர். 2008-இல் இருவேல்பட்டை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மறுபடி ஆராய்ந்தனர். ஒரு தமிழ்ச் சிற்றூரில் நிலமும் உழைப்பும் சாதியும் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு மாறின என இன்று பேச இயல்வது மாணவர் சிலரின் பயிற்சிப் பணியால். அப்பணி பொருளியலின் வினாக்களையே கேட்டது. ஊரார் தம் நிலத்தைப் பற்றி எச்சொற்களாற் பேசினர் என்பது அதன் நோக்கமன்று. வெற்றிடமாகக் கிடந்த அப்பகுதி தமிழ் மாணவர்க்கு உரியது. நாம் அதனை நிரப்ப முன்வரவில்லை.

இரண்டாம் விடை, திணைக் கோட்பாடே நம் சூழலியல், ஆதலின் வேறு களம் வேண்டா என்பது. இது முன்னதினும் தீங்கானது, ஏனெனில் பெருமிதத்தின் உடையில் வருகிறது. சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல் என்னும் பொருளில் எழுதப்பட்ட கட்டுரைகளை எண்ணி முடியாது. மலர்களும் பறவைகளும் தொகுக்கப்படுகின்றன; பழந்தமிழர் இயற்கையைப் போற்றினர் என்று கட்டுரை முடிகிறது. ஆய்வு தொடங்கவேண்டிய இடம் அது. திணையைச் சூழலியல் நோக்கிற் படிக்கும் முயற்சியை முன்னெடுத்தவருள் குறிப்பிடத்தக்க நிர்மல் செல்வமணி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஆங்கிலத்துறையிற் பணியாற்றியவர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. தொல்காப்பியர் கருப்பொருளுள் மரத்தையும் பறவையையும் மட்டும் வைத்தாரில்லை. உணவையும் தொழிலையும் உடன்வைத்தார். எந்நிலத்து மக்கள் எதனை உண்டு எத்தொழில் செய்து வாழ்கின்றனர் என்னும் வினா அதில் உள்ளது. அவ்வினாவை இன்றைய நிலத்திடம் கேட்பதே திணையைக் கையாளுதல்.

ஹட் பேயில் அதனைக் கேட்டுப் பார்ப்போம். லிட்டில் அந்தமான் ஓங்கே மக்களின் தீவு. 1957-இல் தீவு முழுவதும் பழங்குடிக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1965-இல் நடுவண் அரசின் துறைகளிடைக் குழு ஒன்று அளித்த அறிக்கை, தீவுக் காட்டின் 40 விழுக்காட்டளவை வெட்டித் திருத்தி, 12,000 குடும்பங்களைக் குடியேற்றி, செம்பனைத் தோட்டங்களை வளர்க்கலாம் எனப் பரிந்துரைத்தது. 1972-இலும் 1977-இலும் காப்புப் பகுதியின் ஒரு பங்கு விலக்கப்பட்டது. கிழக்குப் பாக்கித்தானத்திலிருந்து ஏதிலியராய் வந்த வங்காளியர் குடியேற்றப்பட்டனர். நேதாஜி நகர், ரவீந்திர நகர், விவேகானந்தபுரம், ராமகிருஷ்ணபுரம் என ஊர்கள் வங்கப் பெரியோரின் பெயர் பூண்டன. நிக்கோபாரியர்க்கு ஹர்மிந்தர் பே அமைந்தது. தெலுங்கரும் தமிழரும் சோட்டா நாகபுரித் தொழிலாளர் வழிவந்தோரும் சேர்ந்தனர். ஊர்களை அவற்றின் பெயரால் அழைப்பதினும் ஹட் பேயிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்னும் எண்ணால் அழைப்பது அங்கு இயல்பு. இடப்பெயராய்வில் எத்தனையோ பட்டங்கள் வழங்கியுள்ள நம் துறைகள், ஒரு தலைமுறைக்குள் காட்டில் தோன்றி எண்களாற் பெயர்பெற்ற இவ்வூர்களை ஒரு முறையேனும் நோக்கியிருக்கலாம்.

செம்பனையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். இச்சொல் மலேசியத் தமிழரது; தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்போம். ஆப்பிரிக்காவிற் பிறந்த இம்மரம் லிட்டில் அந்தமானில் ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் நடப்பட்டது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி 2002 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இத்தகைய ஒற்றைப்பயிர்த் தோட்டங்களை முடிவுக்குக் கொணரவும், கடற்கரை மணல் எடுப்பைப் படிப்படியாகக் குறைக்கவும் வழிசெய்தது. காடாயிருந்து தோட்டமாகிப் பின் கைவிடப்பட்ட நிலத்திற்கு எத்திணை என்று பெயரிடுவது? திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியக் கொள்கை. உரையாசிரியர்கள் அதனை நுணுகி விளக்கினர். நிலமே மயக்கப்பட்ட இடத்தில் அக்கொள்கை என்னாகிறது என்பது உயர்ந்த இலக்கண வினா. அதற்கு விடை நூலகத்தில் இல்லை. தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவர், அது மூடப்பட்டபின் எத்தொழிலுக்குச் சென்றார், அந்நிலத்தை இன்று எப்பெயரால் குறிக்கிறார் என்று கேட்டறிய ஒரு மாணவர்க்கு ஒரு விடுமுறை போதும். 2021 ஆகத்து மாதத்தில் நடுவண் அரசு ஏற்ற சமையல் எண்ணெய்க்கான தேசியத் திட்டம், எண்ணெய்ப்பனையைப் பரப்ப வடகிழக்கையும் அந்தமானையும் சிறப்பாகக் குறிப்பிடுகிறது. ஆதலின் முன்பு நட்டதனால் விளைந்தது என்ன என்பது பழங்கதையன்று.

வினாக்கள் இவ்வாறே பெருகும். மணல் எடுப்பு குறைக்கப்பட்டபின் வீட்டுக்கு மணல் எங்கிருந்து வருகிறது? அரிசியும் காய்கறியும் கப்பல் வாராத கிழமைகளில் என்ன விலை? தீவின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் முட்டையிடும் ஏழுவரி ஆமையைத் தமிழ் மீனவர் அங்கும் அப்பெயரால் அழைக்கின்றனரா, அன்றி இந்திச் சொல்லொன்று அவ்விடத்தைப் பற்றிக்கொண்டதா? பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என்பதைப் பாடநூல் கடற்பசு என்கிறது. ஆவுளியாவின் ஆங்கிலப் பெயரையே தாங்கிய டுகாங் கிரீக் அத்தீவிலேயே உள்ளது. இத்தகைய சொற்களைத் தேடித் திரட்டுவது தமிழ்த்துறையின் வேலையன்று எனின் வேறு எத்துறையின் வேலை?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஹட் பேயைத் தகர்த்தது. கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. மக்கள் நெடுநாள் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். அந்நாளில் நம் ஆய்விதழ்களில் வந்தவற்றை நினைவுகூர்வோம். கடல்கோள் பற்றிய கட்டுரைகள் பெருகின. இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாறு மீண்டும் எடுத்தோதப்பட்டது. குமரி நிலத்தின் எல்லைகள் மீண்டும் வரையப்பட்டன. கடல் கொண்ட ஊர்களைப் பற்றி உரைநூலிற் படித்த நாம், கண்முன் கடல் கொண்ட ஊரின் மக்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவ்வாண்டுதான் சுற்றுச்சூழற் கள ஆய்வு கட்டாயமாயிற்று என்பதையும் சேர்த்தெண்ணவேண்டும். அதே நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களிற் கடல்நீர் புகுந்து நின்றது. வயல் காயலாகிய அந்நிகழ்ச்சியை, மருதம் நெய்தலாயிற்று என்று எழுதத் தகுதி வாய்ந்த மாணவர் எவரேனும் அன்று இருந்திருப்பர். எழுதச் சொன்னவர் இல்லை.

இனி ஓர் எச்சரிக்கை. இதனை வலியுறுத்தாமல் மேற்கூறியவை தீங்காக முடியும். லிட்டில் அந்தமானில் கள ஆய்வு என்றவுடன் ஓங்கே மக்களின் பண்பாடு என்று தலைப்பிடத் துடிக்கும் ஆய்வார்வம் நம்மிடம் உண்டு. 1901-இல் 672 எனக் கணிக்கப்பட்ட அவர்தம் தொகை 2011-இல் 101. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அவர் வாழிடத்திற் பிறர் புகுவதைத் தடுக்கிறது. அது முற்றிலும் நேரியது. ராட்கிளிஃப் பிரவுன் முதல் விஷ்வஜித் பாண்டியா வரை அந்தமான் தொல்குடியினரை ஆராய்ந்தோர் உளர்; அவர்தம் மொழிகளை அன்விதா அப்பி முதலியோர் ஆராய்ந்துள்ளனர். 25 மதிப்பெண்ணுக்காக ஒரு மாணவர் அக்கரையில் இறங்குவதால் அறிவு எதுவும் கூடாது, நோய்த்தொற்று கூடலாம்.

ஆழிப்பேரலையின்போது ஓங்கே மக்கள் மேட்டுநிலம் சென்று உயிர்தப்பினர் என்பதை நம் கட்டுரையாளர்கள் மகிழ்ந்து எடுத்தாள்வர். நான்கு ஆண்டு கழித்து, 2008 டிசம்பரில், கரையொதுங்கிய கலனில் இருந்த நீர்மத்தை மது எனக் கருதி அருந்திய அம்மக்களுள் எண்மர் இறந்ததை அவ்வளவு விரும்பி எடுத்தாள்வதில்லை. கடலின் குறிப்பறிந்து தப்பியவர்க்கு அக்கலனின் குறிப்பு விளங்காமற் போனது எதனால்? மது அக்கரைக்கு எவ்வழியாய் எவராற் பழகிற்று? இவற்றுக்கு விடை டுகாங் கிரீக்கில் இல்லை. குடியேறியோரின் கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் உள்ளது. மாணவர் ஆராயவேண்டிய சமூகம் தம் சமூகமே. பாட்டன் வெட்டிய மரம் எது, எவர் நிலத்தில் தம் வீடு நிற்கிறது, அதனை வீட்டார் எவ்வாறு சொல்லிக்கொள்கின்றனர் என்று கேட்பது பழங்குடிப் பாடல் தொகுப்பதினும் கடினமானது. கருத்தரங்கில் அதற்குக் கைத்தட்டலும் குறைவாகவே கிடைக்கும்.

2021-இல் லிட்டில் அந்தமானுக்கென நிதி ஆயோக் வகுத்த தொலைநோக்கு ஆவணம் ஒன்று வெளித்தெரிந்தது. தீவின் ஏறத்தாழ 35 விழுக்காடாகிய 240 சதுர கிலோமீட்டரை மூன்று மண்டலங்களாக்கி, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போட்டியாகப் புதுநகர் அமைப்பது அதன் கனவு. பங்கஜ் சேக்சரியா போன்றோர் அதனை வெளிக்கொணர்ந்து மறுத்தனர். தீவின் வனத்துறையிலிருந்தும் மறுப்பு எழுந்திருந்தது. ஆனால் அங்கு வாழ்வோர் தம் நிலத்தை ஆண்டுதோறும் பதிந்து வைத்த குறிப்பு ஒன்றையேனும் எதிர்வைக்க இயலவில்லை. இருவேல்பட்டுக்கு இருப்பது ஹட் பேக்கு இல்லை. 2004 முதல் ஆண்டுக்கு ஐந்து மாணவர் தம் ஊரைப் பற்றி உண்மையாக எழுதியிருந்தால் இன்று நூறு குறிப்பேடுகள் இருந்திருக்கும். நூறு குறிப்பேடுகளால் ஒரு திட்டம் நின்றுவிடும் என்று கூற வரவில்லை. ஆளில்லா நிலம்போல் ஒரு தீவை வரைவது அப்போது இத்துணை எளிதாயிராது.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. ஹட் பே மாணவர் மேற்படிப்புக்குப் போர்ட் பிளேருக்கோ (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழகத்துக்கோ கப்பலேறுகின்றனர். அவர் எக்கல்லூரியிற் பயின்றாலும், கள ஆய்வைக் கல்லூரியின் அருகிற் செய்யாமல் விடுமுறையில் தம் ஊரிற் செய்ய இசைவளிக்க வேண்டும். தமிழில் எழுத வேண்டும். வங்கமும் தெலுங்கும் இந்தியும் கலந்த பேச்சை அப்படியே பதிய வேண்டும். சொன்னவர் பெயரை அவர் விரும்பாதவிடத்து விலக்க வேண்டும். குறிப்பேட்டின் ஒரு படி துறை நூலகத்திலும் மற்றொரு படி அவ்வூர்ப் பள்ளியிலும் இருக்க வேண்டும். மதிப்பிடும் ஆசிரியர் அதனைப் படிக்க வேண்டும்; இதனையும் எழுதிச்சொல்ல நேர்வது வருந்தத்தக்கது. குடியேற்றக் காலத்தில் இளைஞராய்க் கரையிறங்கியோர் இன்று எண்பதை ஒட்டிய அகவையினர். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.