செவிகொடுத்தல்

தமிழில் 'கேள்' என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. செவியால் உணர்தல், வினவுதல் ஆகிய இரண்டையும் அது குறிக்கும். பெயர்ச்சொல்லாக நிற்கும்போது உறவினரையும் நண்பரையும் சுட்டும். பிறர் சொல்லுக்குச் செவிகொடுப்பவரே பொருத்தமான வினாவை எழுப்ப இயலும். அவரே பிறர்க்கு உற்றவரும் ஆவார் என்று எண்ண இச்சொல் இடந்தருகிறது. திருவள்ளுவர் 'கேள்வி' என்னும் அதிகாரத்தைக் 'கல்லாமை'க்கும் 'அறிவுடைமை'க்கும் இடையில் வைத்திருப்பதும் எண்ணத்தக்கது.

அன்றாட உரையாடலிலோ பேசுதல் மிகுந்து, கேட்டல் குறைந்து வருகிறது. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி, திண்டுக்கல், கோவை செல்வோர் கூடுகின்றனர். அங்கு முதியவர் ஒருவர் ஊர்ப்பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே, "அதோ நிற்கிறது வண்டி" என்று ஒரு கை நீளும். அவர் அறிய விரும்பியது அவ்வண்டி தம் சிற்றூரில் நிற்குமா என்பதாக இருக்கலாம். விடை வந்துவிட்டது, வினா செவியில் விழவில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்த தோழன் தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கியதும், எதிரில் இருப்பவர் தம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் இத்தகையதே.

செவிகொடுத்தலின் ஆற்றலுக்கு மதுரை மண்ணிலேயே சான்று உண்டு. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டியில் வந்தார். அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்த உடன்பயணியரிடம் கதர் அணியுமாறு வேண்டினார். கதரின் விலை மிகுதி என்றும் அதை வாங்க இயலாத ஏழைகள் தாங்கள் என்றும் கூறி அவர்கள் மறுத்தனர். அம்மறுப்பின் அடியில் உண்மை இருந்ததை உணர்ந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அப்போது அவர் மேற்சட்டையும் தொப்பியும் முழுவேட்டியும் அணிந்திருந்தார். ஆடையைக் குறைக்கும் எண்ணம் முன்னரே அவருக்கு இருந்தது. அவ்வுரையாடல் அதனை உறுதியாக்கியது. செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில் அவர் அரையாடைக்கு மாறினார். அக்டோபர் 31 வரையேனும் அவ்வாறு இருப்பது என்பதே தொடக்கத்தில் அவர் கொண்ட முடிவு. ஆனால் அவ்வெளிய உடை அவருடைய வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. 1931இல் இலண்டனில் பிரித்தானிய மன்னரைச் சந்தித்தபோதும் அவர் அதனை மாற்றவில்லை.

இந்நிகழ்வு ஒரு தெளிவைத் தருகிறது. கேட்டல் என்பது உடன்படுதல் அன்று. பயணியர் கூறியது முழு உண்மை என்று காந்தியடிகள் கருதவில்லை. கதர்க் கொள்கையைக் கைவிடவும் இல்லை. பிறர் சொல்லில் பொதிந்திருந்த உண்மையை ஏற்றுத் தம்மையே மாற்றிக்கொண்டார். கேட்டபின் கேட்டவரிடம் ஒரு மாற்றம் நிகழ்வதே செவிகொடுத்தலின் பயன்.

கேளாமையின் விளைவையும் மதுரை அறியும். சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பிக் கட்டளையிட்டான். கோவலன் தரப்பைக் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணகியின் வழக்கை அவன் கேட்டான். தன் பிழையையும் உணர்ந்தான். ஆயினும் போன உயிர் மீளவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்பதே நீதி.

செவிகொடுத்தலுக்குத் தனித்திறன் எதுவும் வேண்டா. கைப்பேசியை ஓரமாக வைத்தல், பேசுபவர் முடிக்கும்வரை பொறுத்தல், விளங்காததை வினவித் தெளிதல், அறிவுரையை அவசரமாகத் தராதிருத்தல் ஆகியவை போதும். பேசுபவரின் தயக்கத்தையும் மௌனத்தையும் கவனித்தல் இன்னும் சிறப்பு.

"பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை" என்று தங்கை ஒருத்தி சொல்கிறாள் எனக் கொள்வோம். அதனைச் சோம்பல் என்று முடிவுகட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "என்னம்மா நடந்தது?" என்று கேட்டுக் காத்திருந்தால், பேருந்தில் அவள் நாள்தோறும் படும் கேலி வெளிவரக்கூடும். அவளுடைய கல்வி தொடர்வதும் நின்றுபோவதும் அந்தச் சிறு காத்திருப்பைப் பொறுத்து அமையலாம்.