குளிசைக்கும் ஒரு சொந்தப் பெயர் உண்டு

திகனப் பக்கம் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் ஒரு தாயாரை அண்மையில் சந்தித்தோம். மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர். கிளினிக் கொப்பியும் மண்ணோடு போயிற்று. "காலையில எழும்பினா தலை சுத்துதுங்க சாமி, கண்ணு இருட்டுது" என்றார். அவருடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசி உறையில் 'லோசார்ட்டன்' என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. பாமசியில் வாங்கிய அட்டையில் பெரிய எழுத்தில் வேறொரு பெயர். அதன் கீழே, கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே வாசிக்கக்கூடிய எழுத்தில், அதே லோசார்ட்டன். ஒன்று பிரஷருக்கு, மற்றது நெஞ்சுக்கு என்று எண்ணி இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார்.

எமது உடலில் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்ற ஒரு சுரப்பு உண்டு. அது வந்து ஒட்ட வேண்டிய இடத்தை லோசார்ட்டன் முந்திப் பிடித்துக்கொள்கிறது. குழாய் தளர்கிறது, அமுக்கம் இறங்குகிறது. இரட்டிப்பாக எடுத்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். அன்றே அவரைக் கிளினிக்குக்கு அனுப்பினோம். வைத்தியர் ஒன்றை நிறுத்தினார்.

இது அந்தத் தாயாரின் அறியாமை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று மருந்தின் சொந்தப் பெயர். மற்றது கம்பெனி சூட்டிய விற்பனைப் பெயர். பரசிட்டமோல் சொந்தப் பெயர், பெனடோல் விற்பனைப் பெயர். இந்த வேறுபாட்டை ஏழைகளின் பக்கம் நின்று பேசியவர் எமது கண்டி மாவட்டத்துக் குளுகம்மனையில் 1920இல் பிறந்த பேராசிரியர் சேனக பிபிலே. திரித்துவக் கல்லூரியில் படித்து, மருந்தியல் பேராசிரியராகி, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் தயாரித்த அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. தேவையான மருந்துகளை மட்டும், சொந்தப் பெயரில், கேள்விமனு கோரி மொத்தமாக வாங்குவதே அவரது வழி. விலை குறைந்தது, கம்பெனிகளின் கோபமும் கூடவே வந்தது. 1977இல் கயானாவில் அவர் காலமானார்.

அவர் முக்கியமாக விலையைப் பற்றிப் பேசினார். இடம்பெயர்ந்தோருக்கோ இது உயிரைப் பற்றிய விடயமாகிறது. ஊர் மாறினால் வைத்தியர் மாறுகிறார், பாமசி மாறுகிறது, குளிசையின் நிறமும் மாறுகிறது. 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் ஆஸ்பத்திரியில் இல்லாததை வெளியே வாங்கச் சொன்னபோது, கிடைத்த பெயரில் வாங்கினோம். மாறாதது சொந்தப் பெயர் ஒன்றே.

நோக்குளிசையை எடுத்துக்கொள்வோம். மண்வெட்டி பிடிப்பவர்களுக்கு இது சோற்றைப் போல ஆகிவிட்டது. டைக்குளோபினக், ஐபுபுரோபன் ஆகியவை வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் பேணுகிறது. எனவே வெறும் வயிற்றில் போட்டால் புண். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடியாமல், நாள்தோறும் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. லோசார்ட்டனும் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் தெல்தெனியப் பக்கத்திலிருந்து மகாவலி 'சி' வலயத்துக்குப் போன குடும்பங்களை நினைக்கிறோம். அங்கே கிராந்துருகோட்டையில் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அதைக் குளிசையின் தலையில் கட்டிவிட முடியாது. ஆயினும் பழுதான சிறுநீரகத்துக்கு டைக்குளோபினக் நண்பனல்ல. காய்ச்சலிலும் இவ்வகை வேண்டாம்; டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் போதும். அதுவும் வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது, ஈரல் தாங்காது. தடிமன் மருந்து சிலவற்றிலும் பரசிட்டமோல் ஒளிந்திருக்கும் என்பதால் இங்கும் பெயரைப் பார்க்கவே வேண்டும்.

தடிமனுக்கு அமொக்சிசிலின் கேட்டு நிற்போருக்கும் ஒரு வார்த்தை. பற்றீரியாவுக்கு ஒரு மதில் உண்டு. அம்மருந்து அந்த மதிலைக் கட்டவிடாமல் செய்கிறது. தடிமன் தரும் வைரசுக்கு மதிலே இல்லை. இல்லாத மதிலை எப்படி இடிப்பது?

அரசையும் கம்பெனிகளையும் குறைசொல்வது எளிது. இடம்பெயர்ந்தோருக்காக நாமும் மருத்துவ முகாம்கள் நடத்தினோம். நன்கொடையாக வந்த குளிசைகளைப் பெயர் எழுதாத சிறு உறைகளில் போட்டு, "காலை ஒன்று, மாலை ஒன்று" என்று கொடுத்தனுப்பினோம். படம் பிடித்தோம், அறிக்கையும் எழுதினோம். கையில் என்ன கொடுத்தோம் என்று மக்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விளங்காது என்பதே எமது எண்ணம். நெல்லினத்தின் பெயரையும் உரத்தின் பெயரையும் மனப்பாடமாக வைத்திருக்கும் மக்களைப் பற்றியா அப்படி எண்ணினோம்!

இனி எமது முகாம்களில் ஒவ்வொரு உறையிலும் மருந்தின் சொந்தப் பெயரும் அளவும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். பெயரில்லாத உறை கிடைத்தால் வாங்காதீர்கள், எம்மிடமே திருப்பித் தாருங்கள். ஆஸ்பத்திரியிலும் பாமசியிலும் "இதன் சொந்தப் பெயர் என்ன, எதற்கு?" என்று கேளுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பெயர்களை ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் கொப்பி தவறிப்போகும், அடையாள அட்டையை எவரும் விட்டுப் போவதில்லை.